வைஃபைப் புணரியல்

நிலைமொழி லினக்ஸ் கெர்னல். வருமொழி லேப்டாப்பின் வைஃபை சிப். இவை புணருமிடத்து நிகழ்வன இயல்பு, விகாரம் என இரண்டு. விகாரம், பள்ளியில் படித்தபடியே, தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும்.

இயல்பாவது, இடையில் எதுவும் வேண்டாமல் சேர்வது. ஏத்தெராஸின் பிசிஐ சிப்புகள் பல இவ்வினம். 2008இல் கெர்னலில் சேர்ந்த ஏத்9கே டிரைவர், இவற்றுக்கு ஃபர்ம்வேர் கோப்பு எதுவும் கேட்பதில்லை. இன்று பழைய லேப்டாப்களில்தான் இவ்வழக்கு மிகுதி.

தோன்றலாவது, இடையில் ஃபர்ம்வேர் தோன்றினாலன்றிச் சேராமை. இன்டெல்லின் ஐடபிள்யூஎல்வைஃபை இதற்குச் சான்று. டிரைவர் கெர்னலுக்குள் இருக்கும், ஃபர்ம்வேர் தனிக்கோப்பு. அது கட்டற்றது அல்ல என்று டெபியன் தன் இன்ஸ்டாலரில் சேர்க்காதிருந்த காலத்தில், ஃபர்ம்வேரை இறக்க நெட் வேண்டும், நெட் வர ஃபர்ம்வேர் வேண்டும். ஃபோனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டவர் பிழைத்தார். 2022 வாக்கெடுப்புக்குப் பின், 2023இல் வந்த டெபியன் 12 இச்சிக்கலைத் தீர்த்தது.

திரிதலாவது, ஒன்றுக்கென எழுதியது வேறொன்றில் வேலை செய்வது. விண்டோஸ் டிரைவரையே லினக்ஸில் ஓட்டிய என்டிஐஎஸ்ராப்பர் இதன் தலைமகன். பிராட்காம் சிப்புகளுக்கான பி43 டிரைவர் ரிவர்ஸ் எஞ்சினியரிங்கில் பிறந்தது; அதற்குரிய ஃபர்ம்வேரை நிறுவனத்தின் மூடிய டிரைவரிலிருந்து வெட்டியெடுக்கத் தனிக்கருவியே உண்டு. 2010இல் பிராட்காம் திறந்த டிரைவரை வெளியிட்டது. எல்லாச் சிப்புக்கும் அல்ல.

கெடுதலாவது, நேற்றிருந்த வைஃபை அப்டேட் போட்டதும் மறைவது. கெர்னலுக்கு வெளியே, டிகேஎம்எஸ் வழியாகக் கம்பைல் ஆகும் டிரைவர்களுக்கு உரியது. புதிய கெர்னலின் ஹெடர்கள் இல்லையேல் கம்பைல் ஆகாது. கம்பைல் ஆனாலும், கையொப்பமில்லையேல் செக்யூர் பூட் உள்ளே விடாது. ரியல்டெக் 8821சிஇ நெடுங்காலம் இங்கே கிடந்தது. ஆர்டிடபிள்யூ88 டிரைவர் கெர்னலுக்குள் அதற்கும் இடம் தந்தபின் தோன்றலின்பாற்பட்டது.

புறனடை: எல்லாம் பொருந்தியும் சேராதது ஆர்எஃப்கில் பூட்டாக இருக்கலாம், சேர்ந்து சேர்ந்து அறுவது பவர் சேவ் ஆகலாம். முன்னதை ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’ காட்டிக்கொடுக்கும். பின்னதை நெட்வொர்க்மேனேஜர் அமைப்பில் ‘வைஃபை.பவர்சேவ்’ மதிப்பை 2 ஆக்கி அணைக்கலாம். இவற்றுக்குச் சிப்பைப் பழித்தல் வழு.

முடிபு: நம்பகம் சிப்பின் வேகத்தில் இல்லை, டிரைவர் கெர்னலுக்குள் இருப்பதில் இருக்கிறது. ‘எல்எஸ்பிசிஐ -கே’ அடித்து வகையறிக. கெடுதல் எனில் மல்லுக்கட்ட வேண்டாம். சிப் கழற்றக்கூடிய எம்.2 அட்டையாக இருந்து பயாஸும் தடுக்காவிட்டால், இன்டெல் ஏஎக்ஸ்210 ஒன்றை வாங்கி மாட்டிவிடுங்கள்.