கூகைக்கு வீடு உண்டு

தோட்டத்தில் உங்களுக்கென்று ஒரு வீடு வேண்டுமா? எலி பிடிக்கப் பழகுங்கள். பாட்டன் காலத்திலிருந்து பால்மரம் வெட்டியதும் செம்பனைக் குலை அறுத்ததும் தகுதியில் சேராது.

நெகிரி செம்பிலான் செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின் தலையில் மரப்பெட்டி உட்கார்ந்திருக்கும். அது கூகையின் வீடு. 5 முதல் 10 ஹெக்டருக்கு ஒன்று என்று கணக்குப் போட்டுக் கட்டிக் கொடுக்கிறார்கள். ஒரு காலத்தில் மலேசியத் தீபகற்பத்தில் கூகை அரிது. இங்கே குஞ்சு பொரித்ததற்கான முதல் பதிவே 1960களின் கடைசியில், ஜொகூரில்தான். செம்பனை பரவியது. உதிரிப் பழம் தின்ன எலி பரவியது. எலி தின்னக் கூகை பரவியது. ஒரு சோடி வருசத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல் தின்னும் என்று தெரிந்ததும், அலறினால் சாவு விழும் என்று நாம் கல்லெறிந்த பறவை தோட்டத்துக்கு மாப்பிள்ளையாகிவிட்டது. எங்கிருந்து வந்தாய், பிறப்புப் பத்திரம் எங்கே என்று அதை ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியெல்லாம் லயத்திலேயே பிறந்து, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு பதிவு இலாகா படியேறும் கிழவிக்கு.

விசத்திலும் பாருங்கள், என்ன கரிசனம்! மருந்து தின்ற எலியைத் தின்றால் கூகை சாகும் என்பதால், புரோடிஃபாக்கும் போன்ற கடும் எலி மருந்துகளைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் நிபுணர்கள். சரிதான், கூகை நன்றாக இருக்கட்டும். முதுகில் பம்பைச் சுமந்து பாராகுவாட் களைக்கொல்லி அடித்த நம் பெண்களுக்கு நகம் கறுத்துக் கழன்றது, மூக்கில் இரத்தம் வடிந்தது. 2002இல் தடை என்றது அரசாங்கம். 2006இல் அதே அரசாங்கம் தடையை நீக்கியது. முழுத் தடை வந்தது 2020இல். புல் சாகாவிட்டால் முதலாளிக்கு நட்டம். பொம்பளையின் நுரையீரல் யார் கணக்கில் வரும்?

தோட்டம் கைமாறினால் கம்பத்தைப் பிடுங்கிக் கூகைப் பெட்டியை வேறு இடத்தில் நடலாம். சிரம்பான், போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் பல மலேசிய விஷன் வேலி மேம்பாட்டுத் திட்ட வரைபடத்துக்குள் போய்விட்டன. லயத்து ஆளை எங்கே நடுவது? குடியிருப்பு வசதிக்கென்று 1990இல் ஒரு சட்டம் போட்டார்கள். வேலை இருக்கும்வரைதான் அந்த வீடும். வேலை போனால் 1980ஆம் ஆண்டு விதி இருக்கிறது: 5 வருசத்துக்கு மேல் உழைத்தவருக்கு வருசத்துக்கு 20 நாள் சம்பளம். 30 வருசம் உழைத்தவர் 600 நாள் கூலியோடு சிரம்பானில் வீடு தேடட்டும். வீட்டு விலையைக் கேட்டதும் அவரே அலறுவார். அந்த அலறலை யாரும் அபசகுனம் என்று சொல்லமாட்டார்கள்.

நம் தலைவர்கள் சும்மா இருக்கவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் அரிசிப் பொட்டலத்தோடு வந்து, வீட்டுக்கு ஆவன செய்வதாகச் சொல்லி, மாலை வாங்கிக்கொண்டு போகிறார்கள். கூகைக்கு ஓட்டு இல்லை. அதனால்தானோ என்னவோ, அதற்கு மட்டும் வாக்குறுதி கொடுக்காமலே வீடு கட்டிவிட்டார்கள்.