விசிலெண்ணியல்: குக்கர் ஒலியைப் பொறி கொண்டு எண்ணும் முறை பற்றிய ஓர் ஆய்வு

தமிழ்நாட்டு வீடுகளில் அன்றாடம் கேட்கப்படும் வினாக்களுள் இன்றளவும் தீர்வு காணாத ஒன்று உண்டு. "எத்தனை விசில் வந்துச்சு?" என்பதே அது. வினா சமையலறையிலிருந்து எழும். விடை கூறக் கடமைப்பட்டவர் கூடத்தில், செய்தித்தாளுக்குப் பின்னால் இருப்பார். "ரெண்டு. மூணாவது வந்த மாதிரி இருந்துச்சு" என்பது பெரும்பான்மை விடை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக நடக்கும் எண்களுக்கு நடுவே "வந்த மாதிரி" என்றோர் எண் எப்படி நுழைந்தது என்பதைக் கணித நூலார் ஆராயவில்லை. அதன் பலனைப் பருப்புதான் அனுபவிக்கிறது. ஒரு நாள் இருந்த இடம் தெரியாமல் கரைகிறது. மறுநாள் தட்டில் தனித்தனியே உருள்கிறது.

இந்த எண்ணும் பணியை மனிதரிடமிருந்து மீட்டு ஒரு சிறு மின்னணுப் பலகையிடம் ஒப்படைப்பது பற்றியதே இவ்வாய்வு. வார நாளில் வேறு தொழில் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரோபாட்டிக்ஸ் செய்யும் வகுப்பார் இத்துறையின் மூலவர்கள். மின்னணு உதிரிகள் விற்கும் சென்னை ரிச்சி தெருவில் பையும் கையுமாக அவர்களைக் காணலாம்.

முன்னோர் மரபு

குக்கரின் ஆதிபுருஷர் டெனி பாப்பின் என்னும் பிரெஞ்சுக்காரர். 1679இல் லண்டன் ராயல் சொசைட்டியின் முன்பு, இறுக மூடிய பாத்திரத்தில் எலும்பையும் குழைய வைத்துக் காட்டினார். 1682 ஏப்ரலில் அச்சங்கத்தார் அதில் சமைத்ததை உண்டதை ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பாத்திரம் வெடித்துவிடாதிருக்க நெம்புகோலில் எடையைத் தொங்கவிட்டு ஒரு வால்வு அமைத்தவரும் பாப்பின்தான். நம் வீட்டில் "வெயிட்" என்று அழைக்கப்பட்டு, வேண்டும்போதெல்லாம் காணாமல் போகும் பொருளின் பாட்டனார் அது.

உள்ளே எவ்வளவு சூடு என்று அறிய அவர் கையாண்ட வழி நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. மூடியின் மேல் ஒரு துளி நீரை வைப்பார். அது வற்றுவதற்குள் ஊசல் எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுவார். ஆக, குக்கர் பிறந்தபோதே அதன் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருக்க ஓர் ஆள் தேவைப்பட்டார். பாப்பின் அந்த வேலையை வேறு யாரிடமும் தள்ளிவிடவில்லை. தள்ளிவிடும் கலை பிற்காலத்தது.

அக்கலையின் வரலாறு அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. 1982 வாக்கில் அங்கே கணினித் துறையினர் கோக் விற்கும் இயந்திரத்தைக் கணினியோடு இணைத்து, பாட்டில் இருக்கிறதா, குளிர்ந்துவிட்டதா என்பதை நாற்காலியில் இருந்தபடியே அறிந்தனர். 1991இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் காபிக் குடுவையைப் பார்த்தபடி ஒரு கேமரா வைத்தார்கள். 128க்கு 128 புள்ளிகளில் சாம்பல் நிறப் படம். 1993இல் அது இணையத்தில் ஏறி, உலகின் முதல் வெப்கேம் என்று பெயர் பெற்றது. 2001 ஆகஸ்டில் கேமரா அணைக்கப்பட்டது. குடுவை 3,350 பவுண்டுக்கு ஏலம் போயிற்று. இவ்விரு சான்றுகளிலும் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்த அறிஞர்கள் காபி போடும் பொறியைச் செய்யவில்லை. எழுந்து போய்ப் பார்க்காமலிருப்பதற்கான பொறியைச் செய்தார்கள்.

விசில் என்பது யாதோ எனின்

எண்ணப்புகுமுன் எண்ணப்படுவது இன்னது என வரையறுத்தல் நூல் மரபு. குக்கருக்குள் அழுத்தம் வெளிக்காற்றினும் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு மிகும்போது, நீர் ஏறக்குறைய 120 டிகிரி செல்சியசில் கொதிக்கும். அந்நிலையில் நீராவி வெயிட்டை உந்தித் தூக்கும். சீறி வெளியேறும். அழுத்தம் இறங்கும். வெயிட் மீண்டும் அமரும். இந்த ஏற்ற இறக்கம் ஒரு சுற்று முடிந்தால் ஒரு விசில் என்க.

இது முற்றியல்விசில். மாத்திரையில் குறைந்து "புஸ்" என்ற அளவில் அடங்கிவிடுவது குற்றியல்விசில். பருப்பின் நுரை துளையை அடைத்துக்கொள்வதால் இது பிறக்கும். இதை எண்ணிக்கையில் சேர்க்கலாமா என்பதில் மாமியார் மரபும் மருமகள் மரபும் நெடுங்காலமாக வேறுபடுகின்றன. நின்று நீண்டு ஒலித்துக்கொண்டே போவது விசிலளபெடை. அடுப்பு முழுத்தீயில் இருப்பதை அது குறிப்பால் உணர்த்தும். கேஸ்கட் தளர்ந்து ஓரத்தில் கசியும் ஓயாத சீறலை விசில் என்று கொள்ளார், அது போலி. அடுக்குமாடிக் குடியிருப்பில் காற்றோட்டத்துக்காக விட்ட சந்தின் வழியே பக்கத்து வீட்டிலிருந்து வருவது அயல்விசில். இதை நம் கணக்கில் சேர்த்து அடுப்பை அணைத்ததால் அரைவேக்காட்டுக் கொண்டைக்கடலை உண்டவர் பலர்.

பேருந்து நடத்துநரின் விசிலுக்கு இலக்கணம் உண்டு. ஒன்று ஊதினால் நிற்க, இரண்டு ஊதினால் புறப்பட. குக்கருக்கு அப்படியில்லை. ஒரே ஒலியைப் பருப்புக்கு மூன்று, சோற்றுக்கு மூன்று அல்லது நான்கு, கறிக்கு ஆறு என்று பொருளுக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் உரை வகுப்பவர் அடுக்களையில் உள்ளவரே.

கருவி

2005இல் இத்தாலியின் இவ்ரேயா என்னும் ஊரில் பிறந்த ஆர்டுவினோ பலகையே இத்துறையினரின் முதற்கருவி. அதை உருவாக்கியவர்கள் கூடிய மதுக்கடையின் பெயரே பலகைக்கு வந்தது. கடைக்கு அப்பெயர் 1002இல் இத்தாலிக்கு முடிசூடிய ஆர்டுயின் அரசரிடமிருந்து வந்தது. அரசர் பெயர் கொண்ட பலகை நம் அடுக்களையில் கடுகு டப்பாவுக்கும் பெருங்காய டப்பாவுக்கும் நடுவே வந்து அமர்ந்திருக்கிறது.

விசிலை உணரும் முறையில் மூன்று சமயத்தார் உளர். வெப்பவாதிகள் வெயிட்டின் அருகே வெப்ப உணரியை நிறுத்துவர். எஃகு உறைக்குள் இருக்கும் அது சூடேறவும் ஆறவும் நேரமெடுப்பதால், நெருங்கி வரும் இரண்டு விசில்களை ஒன்றாகவே கருதும். அத்துவைதிகளுக்கு உகந்தது. ஒளிவாதிகள் வெயிட் எழும்புவதை அகச்சிவப்புக் கதிரால் பார்க்க முனைவர். முதல் விசிலிலேயே கண்ணாடியில் நீராவி படிந்து பார்வை போய்விடும். ஆகவே, பெரும்பான்மையினர் ஒலிவாதிகளே. மைக் பொருத்திய ஒரு சிறு அட்டை, அதன் தலையில் ஸ்க்ரூடிரைவரால் திருகும் ஒரு குமிழ். இந்தக் குமிழை ஒரு மயிரிழை அதிகம் திருப்பினால் தாளிப்பும் விசிலாகும். ஒரு மயிரிழை குறைத்தால் விசிலும் விசிலாகாது.

இங்கேதான் சிக்கல் தடிக்கிறது. நீராவியின் சீறல் புல்லாங்குழல்போல ஒரு சுரத்தில் நிற்பதன்று. பல அலைவெண்கள் கலந்த இரைச்சல். மிக்ஸியும் இரைச்சலே. எண்ணெயில் விழும் அப்பளமும் இரைச்சலே. ஆர்டுவினோ ஊனோ நொடிக்குச் சுமார் 10,000 முறை ஒலியை அளக்கவல்லது. ஆயின் அதன் நினைவகம் 2 கிலோபைட். அளவுக்கு ஒரு பைட் என்று வைத்தாலும் கால் நொடி ஒலியைக்கூடச் சேர்த்துவைக்க இடம் போதாது. கேட்டதை உடனே ஆராய்ந்து உடனே மறக்க வேண்டிய நிலை, நேர்காணலுக்கு முந்தைய இரவில் பொது அறிவு படிப்பவனுடையதை ஒத்தது. 1965இல் கூலி, டூக்கி என்னும் இருவர் வெளியிட்ட விரைவு ஃபூரியர் கணிப்பைக் கொண்டு உயர் அலைவெண்களில் ஆற்றல் எவ்வளவு, அது எத்தனை நொடி நீடித்தது என்று பார்த்தால் மிக்ஸியை ஓரளவு விலக்கலாம். விண்வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைப் பகுக்க உதவும் கணிதம் இங்கே துவரம்பருப்புக்காக உழைக்கிறது. இதில் இழிவு ஏதுமில்லை.

மிக்ஸி வேறு வழியிலும் பழிவாங்கும். அதன் மோட்டாரில் தெறிக்கும் தீப்பொறி மின்கம்பி வழியே வந்து பலகையைக் கலக்கும். தேங்காய்ச் சட்னி அரைத்து முடிவதற்குள் எண்ணிக்கை சுழியத்துக்குத் திரும்பியிருக்கும். கரன்ட் போனாலும் அதே கதி. இதற்குப் பரிகாரம், ஒவ்வொரு விசிலையும் அழியா நினைவகத்தில் பதிவது. அதில் ஓரிடத்தில் 100,000 முறை எழுதலாம் என்பது சில்லு செய்தவர் தரும் உறுதி. நாளொன்றுக்கு 10 விசில் என்றால் 27 ஆண்டுகள் தாங்கும். அதற்குள் மருமகள் மாமியாராகிவிடுவதால், குற்றியல்விசில் பற்றிய கொள்கையும் மாறியிருக்கும்.

புதிதாகத் தொடங்குவோர் செய்யும் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரே விசில் விட்டுவிட்டு ஒலித்து இரண்டாக எண்ணப்படாமலிருக்க, ஒன்றை எண்ணியதும் பத்து நொடி "டிலே" என்று கட்டளை எழுதிவிடுவார்கள். அந்தப் பத்து நொடியும் பலகைக்கு எதுவும் கேட்காது. முழுத்தீயில் அந்த இடைவெளியில் அடுத்த விசில் வந்து போய்விடும். நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதே முறை. ஐபிஎல் காலத்தில் சென்னை அணி ஆடும் மாலைகளில் கருவியை அணைத்து வைப்பது எல்லா முறைகளிலும் சிறந்த முறை.

அடுப்பை அணைத்தலும் அதன் மறுப்பும்

எண்ணிய பின் பொறியே அடுப்பை அணைத்தால் என்ன எனின், அதற்கும் முயன்றோர் உளர். 9 கிராம் எடையுள்ள குட்டி சர்வோ மோட்டாரைத் திருகின்மேல் பிணைத்துத் திருப்புவது அவர்கள் வழி. இதை இவ்வாய்வு முழுமையாக மறுக்கிறது. திருகு பாதியில் சிக்கித் தீ மட்டும் அணைந்து கேஸ் கசிந்தால், அதன் பின் விசிலை எண்ண ஆளிருக்காது. சர்வோவின் பிளாஸ்டிக் பற்சக்கரம் அடுப்பின் சூட்டுக்கு அருகே வாழப் பிறந்ததுமன்று. பொறி "பீப்" என்று கத்தட்டும். அணைப்பது மனிதக் கையாக இருக்கட்டும். விளையாட்டு எழுத்தில் சொன்னாலும் இது விளையாட்டில்லை.

அற்றேல், கத்துகிற பொறியை நிறுத்த ஒருவர் எழுந்து போகத்தானே வேண்டும், எனில் பொறியால் ஆய பயன் என் என்பார்க்கு, இக்கட்டுரை விடை கூறாது கடந்து செல்கிறது.

கண்டறிந்தவை

விடை கூறாது கடக்க முடியாதது வேறொன்று. குக்கரோடு ஒரு கையேடு வரும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறை, அதன்பின் இத்தனை நிமிடம் வேகவிடு என்றே அதில் பொதுவாக எழுதியிருக்கும். விசிலின் எண்ணிக்கை அங்கே அளவுகோல் அன்று. காரணம் எளிது. உள்ளே நீர் உள்ளவரை வெப்பநிலையை வெயிட் 120 டிகிரி அருகிலேயே நிறுத்திவிடுகிறது. தீயைக் கூட்டினால் விசில்தான் அடிக்கடி வரும். பருப்பு விரைந்து வேகாது. பெரிய பர்னரில் மூன்று விசில் சில நிமிடங்களில் முடிந்துபோகும். சிம்மில் வைத்தால் மூன்றாவது வராமலே பருப்பு வெந்துவிடும். ஆகவே, இதுகாறும் விவரித்த மைக்கும் ஃபூரியரும் அழியா நினைவகமும் சேர்ந்து, எண்ணத் தேவையில்லாத ஒன்றை மிகத் துல்லியமாக எண்ணுகின்றன. முதல் விசிலை மட்டும் கேட்டு அங்கிருந்து நிமிடத்தை எண்ணும் பொறி போதும். அதற்குக் கூடத்துச் சுவரில் தொங்கும் கடிகாரமும் போதும்.

பின் ஏன் இத்தனை பேர் இதைச் செய்கிறார்கள் என்ற வினாவுக்குத்தான் ஆய்வின் எஞ்சிய விடை இருக்கிறது. அரிசி களைவது, காய் நறுக்குவது, தாளிப்பது, பரிமாறுவது, அடிப்பிடித்ததைத் தேய்ப்பது என்று நீளும் சமையலறை வேலைகளில், பெரும்பாலான வீடுகளில் ஐயாவிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பது ஒன்றே ஒன்று: உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி காதை மட்டும் திறந்துவைத்து மூன்று வரை எண்ணுதல். ஞாயிற்றுக்கிழமை ரோபாட்டிக்ஸ் முதலில் கைவைத்தது அந்த வேலையில்தான். வெங்காயம் உரிக்கும் பொறிக்கு யாரும் சாலிடர் பிடிக்கவில்லை. கேஸ்கட் இடுக்கில் காய்ந்த பருப்பு நுரையைச் சுரண்டும் பொறிக்கு யாரும் நிரல் எழுதவில்லை. விசிலெண்ணும் பொறி வந்த வீடுகளில் அம்மாவுக்கு ஒரு வேலை கூடியிருக்கிறது: மேடை துடைக்கும்போது அதன் கம்பிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு துடைக்க வேண்டும்.

ஆகவே, வரும் ஞாயிற்றுக்கிழமை கைக்கு வேலை தேடும் ஆய்வாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். குக்கரைத் தேய்த்துக் கழுவும் பொறி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது சரியாக ஓடும்வரை குக்கரை நீங்களே கழுவுங்கள்.