பல்லவ ராஜாவின் மூச்சிரைப்பும் லியோன் நகரத்துப் பட்டு நூலும்

ஓரிக்கை என்று எங்கள் ஊருக்குப் பெயர் வந்ததற்கே ஓர் இதய நோயாளிதான் காரணம் என்பது என் கட்சி. வைணவப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

திருமழிசையாழ்வார் காஞ்சிபுரத்துத் திருவெஃகாவில் தங்கியிருந்த காலம். அவர் இருந்த இடத்தைப் பெருக்கி, மெழுகி, கோலம் போட்டு வந்தாள் ஒரு கிழவி. ஆழ்வார் மனம் குளிர்ந்து, என்ன வரம் வேண்டும் என்று கேட்டார். பாட்டி மோட்சமா கேட்டாள்? இளமை கேட்டாள். உடனே கிடைத்தது. பல்லவ ராஜா பார்த்தார், மயங்கினார், மாலை மாற்றினார். வருஷங்கள் ஓடின. ராணிக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. ராஜாவுக்கோ பல் ஆடியது, முட்டி வலித்தது, நாலு படி ஏறினால் மூச்சு இரைத்தது.

மூச்சு இரைத்தது மட்டும் நான் சேர்த்தது. ஆனால் மூன்று வேளையும் நெய், பக்கத்துத் தெருவுக்குப் போகவும் பல்லக்கு, எல்லையில் எப்போதும் சாளுக்கியன் பயம், வீட்டில் என்றும் பதினாறு மனைவி. இந்த ஜாதகத்துக்கு ஈசிஜி எதற்கு?

ராஜா ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனைக் கூப்பிட்டார். “உன் குருவை அழைத்து வா, என்னையும் வாலிபனாக்கச் சொல்” என்றார். அவர் வரமாட்டார் என்றான் சீடன். சரி, நீயாவது என்மேல் ஒரு பாட்டுப் பாடு என்றார். மனிதனைப் பாடுவதில்லை என்றான். தேவையில்லாத சிகிச்சையைச் செய்ய மாட்டேன் என்று சொல்லும் டாக்டருக்கு என்ன நடக்குமோ அதுவே அவனுக்கும் நடந்தது: ஊரைவிட்டு டிரான்ஸ்பர், உடனடி அமல்.

சீடன் கிளம்பியதும் குருவும் கிளம்பினார். போகிற போக்கில் திருவெஃகா பெருமாளிடம், நீரும் எழுந்து வாரும் என்றார். பெருமாள் ஆதிசேஷனைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். மற்ற தெய்வங்களும் புறப்பட, காஞ்சி இருண்டது. இந்த ஊர்வலம் முழுவதும் பாலாற்றங்கரையில் ஓர் இரவு தங்கியது. ஓர் இரவு இருக்கை, ஓரிருக்கை, ஓரிக்கை. விஷயம் தெரிந்த ராஜா ஓடிவந்து (இரைக்க இரைக்கத்தான்) மன்னிப்புக் கேட்டார், எல்லாரும் திரும்பினார்கள். எழுந்துபோய் வந்ததற்கு அடையாளமாகப் பெருமாள் பக்கம் மாறிப் படுத்தார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் இன்றும் அப்படியே கிடக்கிறார். ராஜாவின் வியாதி என்ன ஆனது என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. நம் வரலாற்றாசிரியர்களுக்கு நோயாளியைவிட டிஸ்சார்ஜ் ஊர்வலம்தான் முக்கியம்.

ராஜாவுக்கு உதவியிருக்கக்கூடிய பொருள் அவர் ஊரிலேயே கிடக்கப்போகிறது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. பட்டு நூலைச் சொல்கிறேன். அது நெஞ்சுக்கு மேலே புடவையாகக் கிடக்கும் என்பது ஊருக்கே தெரியும். நெஞ்சுக்கு உள்ளே போகும் என்று கண்டுபிடித்தது எங்களைப் போலவே பட்டால் பிழைத்த இன்னோர் ஊர், பிரான்ஸ் தேசத்து லியோன்.

1894 ஜூன் 24. லியோனில் பெரிய பொருட்காட்சி. பார்க்க வந்த ஜனாதிபதி சாதி கார்னோ திறந்த வண்டியில் போய்க்கொண்டிருந்தார். (சாதி என்பது அவர் பெயர், பாரசீகக் கவிஞர் சாஅதியின் பெயரிலிருந்து வந்தது. நம்மூர் அர்த்தத்தில் படித்துச் சண்டைக்கு வராதீர்கள்.) கசேரியோ என்ற இத்தாலியப் பேக்கரிப் பையன் வண்டியில் தாவி அவர் வயிற்றில் கத்தியை இறக்கினான். கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அறுந்தது. ஊரின் பெரிய பெரிய அறுவை மருத்துவர்கள் கூடினார்கள், வயிற்றைத் திறந்தார்கள், பார்த்தார்கள். பார்க்க மட்டும்தான் முடிந்தது. அறுந்த ரத்தக்குழாயைத் தைக்க அந்தக் காலத்தில் நம்பகமான வழி இல்லை. தைத்தால் கசியும், கசியாவிட்டால் உறைந்து அடைக்கும். நள்ளிரவு தாண்டி ஜனாதிபதி போய்ச் சேர்ந்தார்.

இதைப் பார்த்துக் கொதித்தவர் அலெக்ஸி கரெல், 20 வயது மருத்துவ மாணவர். அப்பா ஜவுளி உற்பத்தியாளர், பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போதே காலமாகிவிட்டவர். கிழிந்த துணியைத் தைக்கிற ஊரில் கிழிந்த குழாயைத் தைக்க ஆளில்லையா என்று பையனுக்குத் தோன்றியது. பேராசிரியர்களிடம் பதில் இல்லை. அவர் போய் நின்ற வாசல் மதாம் லெருதியே என்ற எம்பிராய்டரிக்கார அம்மாளுடையது. லியோனில் அந்த அம்மாள் கைக்கு இணை இல்லை. முடியளவு ஊசி, மெல்லிய பட்டு நூல், தையல் மேலே தெரியாத கைவாகு. கரெல் காகிதத்தில் தைத்துத் தைத்துப் பழகினார். பிறகு சொந்த மூளையையும் கொஞ்சம் சேர்த்தார். குழாயின் வட்ட விளிம்பை மூன்று இடத்தில் நூலால் பிடித்து இழுத்தால் அது முக்கோணமாகும், நேர்க்கோட்டில் தைத்துவிடலாம். நூலில் வாசலின் தடவினால் ரத்தம் உறையாது. 1902-ல் இந்த முறை அச்சில் வந்தது.

எங்கள் ஊர் நெசவாளி ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. “பழைய பாவு தீர்ந்தா புதுப் பாவை இழை இழையா சேர்த்துத் திரிக்கிறோமே, அதானே இது?” என்றார். உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் ஓட, இரண்டையும் மூன்று நாடா போட்டுக் கோத்து வாங்குகிற கோர்வை வேலையைக் காட்டி, இழுத்துப் பார் என்று முந்தானையை நீட்டினார். புடவை கிழிந்தாலும் கோர்வை விடாது என்பது காஞ்சிபுரத்துச் சத்தியம். கசிவு பற்றிக் கேட்டேன். புடவையில் ரத்தம் ஓடாது தம்பி என்றார்.

கரெலுக்குப் பிரான்சில் நல்ல வேலை அமையவில்லை. 1904-ல் மாட்டுப்பண்ணை வைக்கிற எண்ணத்தோடு கனடாவுக்குக் கப்பலேறினார். மாடுகள் பிழைத்தன. மனுஷன் சிகாகோ போய், அங்கிருந்து நியூயார்க்கின் ராக்பெல்லர் நிலையத்துக்குப் போய், 1912-ல் ரத்தக்குழாய்த் தையலுக்காகவும் உறுப்பு மாற்று ஆய்வுக்காகவும் நோபல் பரிசு வாங்கினார். மதாம் லெருதியேவுக்கு ஒரு ரவிக்கைத் துண்டுகூட வரவில்லை.

அதே 1912-ல் கரெலுக்குப் பல்லவ ராஜாவின் வியாதி தொற்றியது, இளமை ஆசை. கோழிக் கருவின் இதயத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார். அது சாகவே சாகாது என்றார். நியூயார்க் பத்திரிகை ஒன்று வருஷா வருஷம் அந்தத் துணுக்குக்குப் பிறந்தநாள் கொண்டாடியது. அவர் ஆட்கள் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, ஏதோ எமனிடம் வாய்தா வாங்கியவர்கள் மாதிரி, அதற்குச் சோறு ஊட்டினார்கள். 1944-ல் கரெல் போய்விட்டார். துணுக்கு 1946 வரை இருந்தது. பின்னால் 1961-ல் லெனர்ட் ஹேப்ளிக், சாதாரணச் செல் எதுவும் குறிப்பிட்ட தடவைக்கு மேல் பிரியாது என்று காட்டினார். துணுக்குக்கு ஊட்டிய கருச்சாற்றோடு புதுச் செல்களும் சேர்ந்தே உள்ளே போயிருக்க வேண்டும் என்று இன்று பலர் சந்தேகிக்கிறார்கள். தினமும் புது ஆளை உட்கார வைத்துவிட்டு, ராஜா இளமையாகவே இருக்கிறார் என்று முரசறைந்த கதை. இதே பெரிய மனிதர்தான் 1935-ல், கொடுங்குற்றவாளிகளை விஷவாயு விட்டுத் தீர்க்கலாம் என்று புத்தகமும் எழுதினார். கை சுத்தமாக இருந்தால் மனசும் சுத்தமாக இருக்கும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் உத்தரவாதம் தருவதில்லை.

தையல் மட்டும் பொய்க்கவில்லை. 1967-ல் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ரெனே பவாலோரோ காலிலிருந்து எடுத்த குழாயைக் கொண்டு இதய அடைப்பைத் தாண்டிப் பாதை போட்டார். 1975-ல் டாக்டர் கே.எம். செரியன் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். அதற்குள் பட்டு நூலுக்கு ஓய்வு கொடுத்தாகிவிட்டது. இப்போது இதயக்குழாய் தைப்பது பாலிப்ரோப்பிலீன், நம் பிளாஸ்டிக் குடத்தின் ஒன்றுவிட்ட தம்பி. கைத்தறிக்கு விசைத்தறியால் நேர்ந்தது ஆபரேஷன் தியேட்டரிலும் நேர்ந்தது.

பட்டு அப்படி லேசில் விடுமா? 2012-ல் கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்களும் ஜெர்மன் கூட்டாளிகளும் பட்டின் புரதத்தால் ஒரு சாரம் கட்டி, அதன்மேல் எலிக்குட்டியின் இதயச் செல்களை வளர்த்தார்கள். செல்கள் ஒட்டிக்கொண்டு துடித்தன. மாரடைப்பில் செத்துப்போன தசைக்கு ஒருநாள் ஒட்டுப் போடலாம் என்ற நம்பிக்கை. ஆனால் அதில் காஞ்சிபுரத்துக்கு ஓர் அவமானம் இருக்கிறது. ஜெயித்தது நாங்கள் நெய்கிற மல்பெரிப் பட்டு இல்லை, காட்டுப் புழுவின் டசர். இதையும் அதே நெசவாளியிடம் சொன்னேன். தறியை நிறுத்திவிட்டு, “டசருக்குச் சாயம் பிடிக்காது” என்றார். அத்துடன் அந்த ஆய்வு ஓரிக்கையில் நிராகரிக்கப்பட்டது.

எனக்கு நெசவாளியைப் பற்றிக் கவலை இல்லை, ஊர் வழக்கத்தைப் பற்றித்தான். பெருமாளே ஓர் இரவு தங்கிய ஊர் என்பதாலோ என்னவோ, நெஞ்சு வலித்தாலும் இங்கே பலர் ஓர் இரவு பார்க்கிறார்கள். வாய்வு என்பார்கள், ஓமத் தண்ணீர் குடிப்பார்கள், காலையில் போகலாம் என்பார்கள். குழாய் அடைத்தால் இதயத் தசை நிமிஷக் கணக்கில் சாகிறது. விடிகிறவரை அது காத்திருக்காது. 2023-லிருந்து ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8. நடு நெஞ்சு அழுத்தி, இடது கையிலோ தாடையிலோ வலி பரவி, வேர்த்துக் கொட்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள். பாயைச் சுருட்டிக்கொண்டு அந்த ராத்திரியே கிளம்புங்கள்.