எந்த வகைக் காலேஜ்?

1970களில் கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் எங்கள் கவுஞ்சியில் காலேஜ் என்பது ஒரே சொல். கீழே இறங்கிப் போய்ப் படிப்பது, அவ்வளவுதான். மேல்மலையில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களே குறைவு. முடித்த பையனை வடுகபட்டிக்குப் பூண்டு ஏற்றிப் போகும் லாரியில் உட்கார வைப்பார்கள். மலையடிவாரத்துக் காட்ரோட்டில் இறங்கி பஸ் பிடித்து அவன் பழனி போவான். நானும் அப்படித்தான் போனேன்.

அருள்மிகு பழனியாண்டவர் கலைக் கல்லூரியைக் கோயில் தேவஸ்தானம் 1960இல் தொடங்கியது. அப்பாவுக்கு அது முருகன் கோயில் காலேஜ். அந்த நம்பிக்கையில் பூண்டு விற்ற பணத்தைக் கட்டினார். அரசு உதவி பெறும் கல்லூரி என்பதால்தான் அந்தப் பணம் போதுமானதாக இருந்தது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. முதலில் சென்னைப் பல்கலைக்கழகம், 1966க்குப் பிறகு மதுரைப் பல்கலைக்கழகம் என்று முத்திரை மாறியதே தவிர, எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் படிப்பும் தேர்வும் ஒன்றாகவே இருந்தன. 1978இல் பிளஸ் டூ வந்து, நான் படித்த புகுமுக வகுப்பு மறைந்தது.

அக்கா என்னைவிட நன்றாகப் படித்தவள். அவளை யாரும் லாரியில் ஏற்றவில்லை. 1984இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலுக்கு வந்தபோது அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்திருந்தன. பெண்ணை இறக்கிவிட மறுத்த மலையில் இன்று இருக்கும் பல்கலைக்கழகம் பெண்களுக்கானது. பையன்களில் பலர் இன்னமும் காட்ரோடு வழியாகத்தான் போகிறார்கள். இந்தத் திருப்பத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நிறைவாக இருக்கிறது.

ஆனால் இன்று கீழே போகிற பிள்ளைக்கு முன்னால் எத்தனை பலகைகள்! அரசு, அரசு உதவி பெறும், சுயநிதி, தன்னாட்சி, உறுப்பு, இணைவு, நிகர்நிலை. ஒவ்வொன்றும் வீட்டின் கடன் கணக்கை மாற்றக்கூடியது. தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே நடத்தும். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கு இந்த உரிமை 1978இலேயே கிடைத்தது. அதில் பயப்பட ஒன்றுமில்லை. உதவி பெறும் கல்லூரிக்குள்ளேயே சுயநிதிப் பிரிவும் நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். அதே வாசல், அதே பெயர், கட்டணம் மட்டும் வேறு. விண்ணப்பத்தில் எந்தப் பிரிவு என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்ட அப்பாக்களை மேல்மலையில் எனக்குத் தெரியும்.

நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்ற சொல்லை இன்னும் நிதானமாகப் படிக்க வேண்டும். சின்னாளபட்டி பக்கத்துக் காந்திகிராம கிராமிய நிறுவனம் 1956இல் தொடங்கி, 1976இல் நிகர்நிலைத் தகுதி பெற்றது. மத்திய அரசின் நிதியில் நடக்கிறது, ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் எட்டுகிற கட்டணம். அதே தகுதி பெற்ற தனியார் நிறுவனங்களின் கட்டணமோ நம் தோட்டங்களைச் சேர்த்து விற்றாலும் எட்டாது. அவை தமிழ்நாடு அரசின் பொறியியல் கவுன்சிலிங்கில் வருவதில்லை. அங்கே போனால் முதல் பட்டதாரிச் சலுகையும், அரசுப் பள்ளிப் பிள்ளைக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் கை நழுவிவிடும். 2017இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டி, இத்தகைய நிறுவனங்கள் பல்கலைக்கழகம் என்று பெயர் போட்டுக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டது. விளம்பரத்தைப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத பெற்றோர் நாடு முழுக்க இருக்கிறார்கள்.

அதனால் என்னிடம் யோசனை கேட்டு வரும் பிள்ளைகளிடம் காலேஜ் பெயரை நான் முதலில் கேட்பதில்லை. எந்த வகை, பட்டம் தருவது யார், உதவி பெறும் பிரிவா, கவுன்சிலிங் வழியா என்றுதான் கேட்கிறேன். போன கோடையில் பக்கத்துத் தெருப் பெண் காந்திகிராமம் போக ஆசைப்பட்டு வந்தாள். இளங்கலைக்கு இப்போது சியூஇடி நுழைவுத் தேர்வு இருக்கிறது. பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பக் கெடு முடிந்திருந்தது. இந்த வருஷம் அரையாண்டு விடுமுறையிலேயே பிளஸ் டூ பிள்ளைகளை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லப் போகிறேன், அவர்களின் அப்பா அம்மாவையும் சேர்த்துக் கூப்பிட்டு.