ஹலோ வேர்ல்டு அண்ணன்

வேளச்சேரி, தரமணிப் பக்கத்து ஆண்கள் விடுதிகளில் மாடிக்கு ஒருவர் இப்படி இருப்பார். படித்தது மெக்கானிக்கல், போக வேண்டியது ஐ.டி., நடுவில் நிற்பது கோடிங். அதை அவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் தொடங்குவார். திங்கள் தவறினால் ஒன்றாம் தேதி. ஒன்றாம் தேதி அஷ்டமியில் வந்து தொலைத்தால் பஞ்சாங்கத்தைத்தான் கேட்க வேண்டும்.

ஆரம்பம் சி-யில்தான். யஷ்வந்த் கனேட்கரின் 'லெட் அஸ் சி' அலமாரியில் இருக்கிறது. பாயின்ட்டர் வரும் இடம் வரை பக்கமெல்லாம் டீக்கறை. அதற்கப்புறம் புதுப் புத்தக வாசனை இன்னும் போகவில்லை. "பைத்தான்தான் ஈஸி" என்றார்கள், தாவினார். "ஜாவாஸ்கிரிப்ட் தெரிஞ்சா உடனே வேலை" என்றது ஒரு ரீல்ஸ், மறுபடி தாவினார். இப்போது ரஸ்ட். இத்தனை மொழியிலும் 'ஹலோ வேர்ல்டு' என்று திரையில் வரவழைக்க அவரால் முடியும். கெர்னிகனும் ரிட்சியும் 1978-இல் தங்கள் சி புத்தகத்தில் முதல் பயிற்சியாக வைத்ததை, அண்ணன் முழுப் பாடத்திட்டமாக்கிக் கொண்டுவிட்டார்.

ஆனால் வரலாறு கேளுங்கள், கொட்டுவார். பைத்தான் என்ற பெயர் பாம்பைப் பார்த்து வைத்ததல்ல, மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரைப் பார்த்து வைத்தது என்பார். "1995-ல பிரெண்டன் ஐக் பத்தே நாள்ல ஜாவாஸ்கிரிப்டோட முதல் வடிவத்தை எழுதிட்டாரு, தம்பி!" என்று கண் விரிப்பார். அதைவிடக் கூடுதல் நாள் அண்ணனுக்கு எடிட்டரின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கவே ஆகியிருந்தது. கடைசியில் கறுப்பு.

பாட வீடியோவை இரட்டை வேகத்தில் பார்ப்பார். தலை ஆடிக்கொண்டே இருக்கும்: "புரியுது... ம்ம்... புரியுது." வீடியோவை மூடிவிட்டு வெற்றுக் கோப்பைத் திறந்தால் மட்டும் விரல் ஓடாது. பார்க்கும்போது வருவது அடையாளம் கண்ட தெம்பு. எழுதத் தெரிவது வேறு சங்கதி. அதனால் இன்னொரு வீடியோ. இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்னும் பொமோடோரோ முறையையும் கடைப்பிடிக்கிறார். ஓய்வு மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி வந்துவிட்டால் முகம் வெளிறிவிடும். என்ன தப்பு என்று கடைசி வரியிலும், எந்த வரியில் என்று அதற்குச் சற்று மேலேயும் பைத்தான் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. அண்ணன் படிக்க மாட்டார். மொத்தத்தையும் அள்ளி ஏ.ஐ.யிடம் கொட்டி, வந்ததை ஒட்டி, "ஓடிடுச்சு!" என்பார். மறுநாள் அதே பிழை, அதே வெளிறல். கிட்ஹப்பில் பச்சைக் கட்டம் விடுபடக் கூடாதென்று, தினமும் ரீட்மீ கோப்பில் ஒரு முற்றுப்புள்ளி வைப்பதில் மட்டும் அசாத்திய ஒழுக்கம்.

கீழே மெஸ் அக்காவின் மகள், பிளஸ் டூ படிப்பவள், பழைய லேப்டாப்பில் பைத்தான் எழுதுகிறாள். யார் எத்தனை வேளை சாப்பிட்டார்கள், யாருக்கு எவ்வளவு பாக்கி, அவ்வளவுதான் நிரல். முதலில் எல்லோருக்கும் இரவுச் சாப்பாட்டை இரண்டு தடவை கூட்டிக் காட்டியது. வரிக்கு வரி ஒரு பிரின்ட் போட்டு, எண் எங்கே திடீரென்று ஏறுகிறது என்று பார்த்து, அவளே பிடித்தாள். தினமும் மெஸ் மூடிய பிறகு அரைமணி நேரம்தான் உட்காருவாள்.

அண்ணன் குனிந்து பார்த்தார்.

"பரவால்லம்மா. ஆனா கிளாஸே யூஸ் பண்ணலையே? நாளைக்கு பத்து லட்சம் பேர் சாப்பிட வந்தா தாங்குமா?"

"இங்க முப்பது பேர்தாண்ணா. உங்க பேர்ல ரெண்டு மாச பாக்கி காட்டுது பாருங்க."

அண்ணன் திரையை உற்றுப் பார்த்தார். "இதுல ஒரு பக் இருக்கு."

"ஆமாண்ணா," என்று ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டினாள். "பார்சல் காசைக் கூட்டாம விட்டிருக்கேன்."