சாம்பலுக்குக் காசு குடுத்த சிக்கனக்காரி

வா அம்மிணி, வா. கொரியர்காரன் வந்துட்டுப் போனதைத் திண்ணையில இருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன். பொட்டியை எட்டிப் பார்த்தா ஸ்ப்ரே பாட்டிலு, கண்ணாடி சாடி, வினிகரு, லாவெண்டர் எண்ணெயாம், அதுக்கும் கீழே ஒரு பொட்டலம் சாம்பல்! ஏங் கண்ணு, சாம்பலுக்குமா வெலை வந்துருச்சு? நாங்க அடுப்புல இருந்து அள்ளி எருக்குழியில கொட்டினோம். அதையே பையில போட்டு, மேல தேங்காத்தொட்டி படம் ஒட்டி, ‘இயற்கை’ன்னு எழுதி உனக்கு அனுப்பறான். கேட்டா, ‘எல்லாம் வீட்டுலயே செஞ்சு மிச்சம் புடிக்கப் போறேன் அம்முச்சி’ங்கறே. புடி, புடி. அந்த பில்லுக்கு ஒரு வருசத்துச் சோப்பை வாங்கி அடுக்கியிருக்கலாம்.

சாம்பல் நல்ல சரக்குத்தான், இல்லைங்கலை. மரச்சாம்பல்ல பொட்டாசியம் கார்பனேட்டுன்னு ஒரு காரம் இருக்குதுன்னு உன்ற மாமன், அந்த வாத்தியான், சொல்லுவான். எண்ணெய்ப் பிசுக்கோட அது சேர்ந்தா கொஞ்சம் சோப்பாவே மாறிக்குமாம். அவனைக் கேக்காமலேதான் நாங்க அத்தனை போசியும் வெளக்கினோம். ஆனா சலிச்சு எடுக்கோணும். கரித்துண்டும் கல்லும் கெடந்தா உன்ற எவர்சில்வர் வட்டல்ல கோலம் போட்டுரும்.

பித்தளைக் குடத்துக்குப் புளி. உடனே பையை எடுத்துட்டுப் புதுப்புளி வாங்க ஓடாதே. ரசத்துக்குக் கரைச்சுட்டு வீசறயே, அந்தச் சக்கை போதும். ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துத் தேங்கா நாருல தொட்டுத் தேயி. புளிப்பு போயி களிம்பைத் தின்னுட்டு வந்துரும். தேச்ச கையோட கழுவி, ஈரம் போகத் தொடைக்கோணும். அப்படியே வெச்சுட்டு சீரியல் பாக்கப் போனீன்னா, திரும்பி வாரப்போ கொடம் பச்சை பூத்து உக்காந்திருக்கும்.

இதுல கணக்கு ஒண்ணுதான் கண்ணு. குப்பைக்குப் போற பண்டத்துல செஞ்சா மிச்சம். அதுக்குன்னு கடைக்குப் போனா, நீ இன்னொரு கடைக்காரனுக்கு வாடிக்கை ஆயிட்டே, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த நுரை வித்தை. சிங்குல ஆப்பசோடாவைக் கொட்டி, அது மேல வினிகரை ஊத்திப் படம் புடிச்சியே. உன்ற சிநேகிதிக அத்தனை பேரும் லைக்குப் போட்டாங்க. அழுக்கு மட்டும் போடலை. புளிப்பும் காரமும் ஒண்ணையொண்ணு அடிச்சுத் தீத்துக்கிட்டா, கடைசியில உப்புத்தண்ணிதான் நிக்கும். பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் பந்தியில கட்டிப் பொரண்டா பரிமாற யாரு இருப்பா? சோடாவைத் தனியாப் பிசுக்குக்கு வை, வினிகரைத் தனியா உப்புக்கறைக்கு வை.

உப்புக்கறைக்கா நம்மூருல பஞ்சம்? ஆயிரம் அடி போர்த்தண்ணியில பக்கெட்டெல்லாம் வெள்ளை படிஞ்சு கெடக்குது. பிழிஞ்சுட்டு வீசற எலுமிச்சை மூடியே அதுக்குப் போதும். அதே மூடியோட மார்பிள் தரைக்கு ஓடிராதே. கறையும் சுண்ணாம்புச் சாதி, மார்பிளும் சுண்ணாம்புச் சாதி. எலுமிச்சைக்குப் பேதம் தெரியாது, உன்ற மாமனாருக்குத் தெரியும்.

பழத்தோல் தண்ணியும் போடப் போறயாமா? வெல்லம் ஒரு பங்கு, தோல் மூணு, தண்ணி பத்து, மூணு மாசம். அதுவரைக்கும் தரை தொடைக்காம இருந்தீன்னா நல்ல மிச்சம்! போடறதுன்னா அந்தக் கண்ணாடிச் சாடியில இறுக்கி மூடாதே, வாயு சேர்ந்து வெடிச்சுரும். பிளாஸ்டிக் டப்பாவுல மேல கொஞ்சம் எடம் விட்டு, மொத மாசம் தெனமும் மூடியைத் தெறந்து விடு. தரைக்கு அது சரி. வாந்தி பேதி கண்ட வீட்டுல அதை நம்பாதே, பிளீச்சிங் பவுடருதான். அந்தப் பவுடரோட கக்கூஸ் ஆசிட்டையோ வினிகரையோ மட்டும் கலந்துராதே தாயி. குளோரின் கெளம்பும். 1915-ல ஜெர்மன்காரன் பட்டாளத்து மேல ஏவி விட்டது அதே வாயுத்தான். உனக்கு எதிரி கக்கூஸ் கறை, நீயே இல்லை.

காசு குடுத்து வாங்கினாலும் நான் வையாத சரக்கு ஒண்ணு இருக்குது, பூந்திக்கொட்டை. உள்ளே இருக்கற வெதையை எடுத்துட்டு, தோலை ராத்திரி ஊறப்போட்டுக் கொதிக்க வை. பட்டுச்சேலைக்கும் நகைக்கும் அதை மிஞ்ச ஒண்ணுமில்லை. அண்டா நெறையக் காய்ச்சாதே, நாலு நாள்ல நாறிப்போகும். கொஞ்சமாக் காய்ச்சி ஃபிரிட்ஜுல வை.

வெக்கறப்ப கூல்டிரிங்ஸ் பாட்டில்ல ஊத்தாதே. பேரை எழுதி ஒட்டு, கொழந்தைக கைக்கு எட்டாத மேல் தட்டுல வை. உன்ற புருசன்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிரு, நெறத்தைப் பார்த்துட்டு நன்னாரி சர்பத்துன்னு குடிச்சுருவான்.