தோராயத்தை நம்பி ஏறலாமா?

கேள்வி: எடையைக் குறைக்க வேண்டி விமான இறக்கைக்கே 'தோராயக் கணக்கு' போடுகிறார்களாமே எஞ்சினியர்கள்! அதை நம்பி எப்படி ஏறுவது?

பதில்: நூறு ஜாதகத்தைக் கழித்துக்கட்டிவிட்டு ஒரு மாப்பிள்ளையை மட்டும் நேரில் போய்ப் பார்ப்பதில்லையா? கழிப்பதற்குத்தான் தோராயம். தேறிய வடிவத்துக்கு முழுக் கணக்கும் உண்டு, சோதனையும் உண்டு.

தோராயம்கூட வேண்டாம், தப்புக் கணக்கே போதும் என்று காட்டியவர் கலிலியோ! சுவரில் ஒரு முனை செருகிய உத்தரத்துக்கு, 1638-இல் வெளியான நூலில் அவர் சொன்ன பலம், இன்றைய பாடப்புத்தகக் கணக்கைப்போல் 3 மடங்கு. ஆனால் மறுமுனையில் பாரம் தொங்கும் அந்த உத்தரத்தைப் பரவளையமாகச் செதுக்கினால் பலம் குறையாமல் 3-இல் 1 பங்கு மரம் மிச்சம் என்றாரே, அது இன்றைக்கும் சரி.

எனவே வடிவத்தை கலிலியோவிடம் கேளுங்கள். பாரத்தை மட்டும் உங்கள் எஞ்சினியரிடம் கேட்டு ஏற்றுங்கள்.